கார்டன்-கீபிள் வாங்கலாமா? மறுசீரமைத்த ஓர் அபூர்வ பிரிட்டிஷ் கார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் பழைய கார் ஏலங்களிலும் வியாபாரிகளின் பட்டியல்களிலும் எப்போதாவது ஒரு கார்டன்-கீபிள் தலைகாட்டும். கூடவே “அடிமுதல் முடிவரை மறுசீரமைக்கப்பட்டது” என்ற வாசகமும், பளபளக்கும் படங்கள் பத்திருபதும் இருக்கும். அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. வாங்கும் எண்ணமே இல்லாமல் கதை கேட்க வந்தவர்களுக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. இது என்ன கார்?

கேள்விப்படாததில் வியப்பில்லை. மொத்தம் தயாரானதே 100 கார்கள்தான். ஆங்கிலேயர்கள் வடிவமைத்த எஃகுச் சட்டம் (சேஸி), இத்தாலிய இளைஞர் ஒருவர் வரைந்த உடல், அமெரிக்காவின் செவ்ரோலே கார்வெட் காருக்கான எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் ஆகிய மூன்றும் சேர்ந்த இரண்டு கதவு, நான்கு இருக்கை கார் இது. 1964 முதல் இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனை ஒட்டிய ஈஸ்ட்லி விமான நிலையத்தில் இதைக் கட்டினார்கள். 1936இல் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் முதல் மாதிரி வானேறியதும் இதே ஈஸ்ட்லியில்தான்.

“கிராண்ட் டூரிங்” கார் என்கிறார்களே, ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஸ்போர்ட்ஸ் கார் ஒரு மணி நேரம் ஓட்டி மகிழ்வதற்கு. கிராண்ட் டூரிங் கார் காலையில் லண்டனில் பெட்டி படுக்கையோடு ஏறி, மறுநாள் பிரெஞ்சுத் தென்கரையில் முதுகுவலி இல்லாமல் இறங்குவதற்கு. வேகம் இரண்டுக்கும் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமையும் இடவசதியும் பெரிய பெட்ரோல் டேங்கும் கூடுதலாக வேண்டும். கார்டன்-கீபிளில் டேங்கே இரண்டு.

யார் இந்த கார்டன், யார் இந்த கீபிள்?

ஜான் கார்டன், ஸ்லௌ நகரில் பியர்லெஸ் என்ற சிறிய கார் நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவர். டிரையம்ஃப் டி.ஆர்.3 காரின் பாகங்களை வைத்து அழகான கூபே ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். 1958 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தக் கார் ஓடி முடிக்கவும் செய்தது. ஜிம் கீபிள், இப்ஸ்விச் நகரில் கராஜ் வைத்திருந்த பொறியாளர். இங்கிலாந்தில் பணியாற்றிய அமெரிக்க விமானப்படை விமானி ஒருவர் அவரிடம் வந்து, ஒரு பியர்லெஸ் காருக்குள் செவ்ரோலே வி8 எஞ்சினைப் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கேட்டவரின் ஆசை கார்டன், கீபிள் இருவரையும் தொற்றிக்கொண்டது. பிறருடைய காரில் எஞ்சினைத் திணிப்பதைவிடச் சொந்தமாகவே ஒன்றைச் செய்தால் என்ன என்று இறங்கினார்கள். சதுரக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டம், பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரு குழாயால் இணைக்கும் டி டியோன் அச்சு, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்தில் இவை எல்லாம் சேர்ந்து ஒரே காரில் கிடைப்பது அபூர்வம். சட்டம் இத்தாலியின் டூரின் நகரிலிருந்த, கார் உடல் செய்யும் பெர்டோனே பட்டறைக்குப் போய் எஃகு உடல் உடுத்திக்கொண்டது. 1960 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் “கார்டன்” என்ற ஒற்றைப் பெயரோடு பெர்டோனேயின் அரங்கில் நின்றது. பிறகு அதே காரைக் கப்பலேற்றி டெட்ராய்ட்டுக்கு அனுப்பி, செவ்ரோலே நிர்வாகத்திடம் நேரில் காட்டினார்கள். காரைப் பார்த்தவர்கள், எஞ்சினும் கியர் பாக்ஸும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். பணபலமில்லாத இருவர் செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வாசலில் காரை நிறுத்திக் காரியம் சாதித்தது இன்று நினைத்தாலும் துணிச்சல்தான்.

உடலை வரைந்த அந்த இத்தாலியர் யார்?

ஜார்ஜெத்தோ ஜுஜாரோ. அப்போது அவருக்கு 21 வயது. பெர்டோனேயில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பின்னாளில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஃபியட் பாண்டா, டெலோரியன் என்று உலகச் சாலைகளின் முகத்தையே மாற்றியவர். நம் ஊரில் ஓடிய டேவூ மாட்டிஸ் அவருடைய இடால்டிசைன் நிறுவனத்தின் கைவண்ணம்.

கார்டன்-கீபிளின் முன்முகத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்குகள், ஒவ்வொரு ஜோடியும் சாய்வாக. அக்காலத்தில் இதே சாய்வை வேறு சில பிரிட்டிஷ் கார்களும் போட்டுக்கொண்டன. பலவற்றில் அது புருவத்தை நெரித்துக்கொண்டு நிற்பது போலத் தெரியும், இதில் மட்டும் அளவாக அமைந்துவிட்டது. பக்கவாட்டில் தேவையற்ற கோடு ஒன்றுகூடக் கிடையாது. கூரையைத் தாங்கும் தூண்கள் மெலிந்தவை என்பதால் உள்ளே வெளிச்சம் தாராளம்.

இவ்வளவு வேகமான காருக்கு ஆமைச் சின்னமா?

ஆம், மூக்கில் ஒட்டியிருப்பது ஆமைதான். தொடக்க காலத்தில் ஒரு காரைத் தோட்டத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு வளர்ப்பு ஆமை நடந்து வந்து காருக்கு முன்னால் நின்றுகொண்டது. சிரித்தவர்கள் அதையே சின்னமாக வைத்துவிட்டார்கள். குதிரை, காளை, சிறுத்தை என்று மார்தட்டிய போட்டியாளர்களுக்கு நடுவே இது ஓர் ஆங்கிலேயக் குசும்பு.

நல்ல கார் என்றால் நிறுவனம் ஏன் நொடித்தது?

விலை வைக்கத் தெரியவில்லை. 1964இல் 2,798 பவுண்டு என்று அறிவித்தார்கள். ஜாகுவார் இ-டைப் இரண்டாயிரத்தை ஒட்டியும் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5 நாலாயிரத்தைத் தாண்டியும் விற்ற காலம் அது. கையால் கட்டும் காருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. போதாக்குறைக்கு, உதிரிபாகம் தருவோர் தாமதிக்க, பாதி முடிந்த கார்கள் கொட்டகையில் நின்றன. முடிக்காத காருக்கு யார் பணம் கொடுப்பார்கள்? சுமார் 90 கார்களோடு 1965இல் நிறுவனம் மூழ்கியது. வேறு இருவர் வாங்கி “கீபிள் கார்ஸ்” என்ற பெயரில் மேலும் சில கார்களை முடித்தார்கள். 1966இல் அதுவும் நின்றது. நூறாவது காரைப் பிற்பாடு மிச்சமிருந்த உதிரிபாகங்களிலிருந்து சேர்த்து எடுத்தார்கள்.

ஓட்டும்போது எப்படி இருக்கும்?

5,355 கன சென்டிமீட்டர் எஞ்சின், 300 குதிரைத்திறன். உடல் கண்ணாடியிழை என்பதால் எடை ஒன்றரை டன்னுக்கும் குறைவு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட ஆறு விநாடி அளவு, உச்ச வேகம் மணிக்கு 220 கிலோமீட்டரை ஒட்டி. 1964இல் நான்கு பேர் உட்காரும் கார்களில் இதற்கு ஈடுகொடுத்தவை மிகச் சில.

எண்களைவிட முக்கியமானது அந்த எஞ்சினின் சுபாவம். கியரை மாற்றாமலேயே ஊர்த் தெருவிலும் போகும், நெடுஞ்சாலையில் மிதித்தால் முனகாமல் இழுக்கும். நான்கு கியர், கையால் மாற்றுவது. கிளட்ச் கனமாக இருந்தால் அது பழுது என்று நினைத்துவிட வேண்டாம், இந்தக் காரில் இயல்பே அதுதான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் எதிரே வட்ட மீட்டர்களும் விமானத்தின் பலகை போல வரிசையாகச் சுண்டு சுவிட்சுகளும். இருட்டில் எது வைப்பர், எது விளக்கு என்று விரல்கள் பழக ஒரு வாரம் பிடிக்கும்.

உடல் கண்ணாடியிழை. அப்படியானால் துருப் பிரச்சினை இல்லைதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஜெனீவாவில் காட்டிய முதல் காருக்குத்தான் எஃகு உடல். தயாரிப்புக்கு வந்த கார்களுக்கு வில்லியம்ஸ் அண்ட் பிரிட்சார்ட் நிறுவனம் கண்ணாடியிழையில் உடல் செய்தது. அது துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அந்தத் தோலுக்கு உள்ளே காரின் முழுப் பாரத்தையும் தாங்குவது பற்றவைத்த எஃகுச் சதுரக் குழாய்களின் சட்டம். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புநீர் குழாய்களின் மூட்டுகளில் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். எஃகு உடலுள்ள காரில் பெயின்ட் கொப்பளித்து உங்களை எச்சரித்துவிடும். இதிலோ வெளியே கண்ணாடி போல மின்னும் உடல், உள்ளே பிஸ்கட் போலப் பொடியும் சட்டம் என்ற நிலை சாத்தியம்.

எனவே அடிப்பாகம் தெரியும்படி காரை உயர்த்தும் தூக்கியில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஏற்றியபின் டார்ச் விளக்கும் சின்னச் சுத்தியும் எடுத்துக்கொண்டு, விற்பவரின் அனுமதியோடு குழாய்களை மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் மணி போலப் பேசும். அரித்த குழாய் ‘தொப்’ என்று ஓசையை விழுங்கிக்கொள்ளும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் குழாய்கள், பின் அச்சைப் பிடித்திருக்கும் கைகள் சட்டத்தோடு சேரும் இடங்கள், முன்சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்கும் மூலை ஆகியவற்றில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். தடிமனான கறுப்புத் தார்ப்பூச்சு புதிதாகப் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நன்றாகச் செய்த பட்டறை தன் பற்றவைப்பை மறைக்காது.

“முழு மறுசீரமைப்பு” என்று விளம்பரம் சொல்கிறது. அதை எப்படி நம்புவது?

படங்களைக் கேளுங்கள். முடிந்த காரின் படங்கள் வேண்டாம், அவை விளம்பரத்திலேயே இருக்கின்றன. சட்டம் வெற்றெலும்பாக நிற்கும் படங்கள், வெட்டியெடுத்த பழைய குழாய், புதுக்குழாய் பற்றவைத்த நிலை, உடலின் பழைய பெயின்டைச் சுரண்டிய நிலை ஆகியவைதான் சாட்சி. கூடவே பட்டறையின் பில்கள். பில்லில் “டிங்கரிங், பெயின்டிங்” என்று மொத்தமாக ஒரு தொகை மட்டும் இருந்தால் அது மறுசீரமைப்பு ஆகாது, அலங்காரம். எத்தனை மணி நேர வேலை, என்னென்ன பொருள் என்று பிரித்துப் போட்டிருக்க வேண்டும்.

வேலை எப்போது முடிந்தது என்பதும் கேள்விதான். 1990களில் செய்த மறுசீரமைப்புக்கு இன்றைக்கு முப்பது வயது. விளம்பரத்தில் அந்த ஆண்டை மட்டும் விட்டுவிடுவது வியாபாரிகளின் பழைய வழக்கம்.

கண்ணாடியிழை உடலில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

சிலந்தி வலை போன்ற நுண்விரிசல்கள். கதவுக் கீல், பானெட்டின் மூலைகள், விளக்குகளைச் சுற்றிய வளைவுகள் ஆகிய இடங்களில் அவை தோன்றும். பெயின்ட் மட்டும் வெடித்திருந்தால் சுலபம். அடியிலுள்ள பூச்சே வெடித்திருந்தால், மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் ஓரிரு கோடைக்குப் பின் மீண்டும் எட்டிப்பார்க்கும். வெயிலில் நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து, ஒளி உடலின் மேல் வழுக்கி ஓடுவதைப் பாருங்கள். அலையடித்தால் பழைய மோதலைப் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள். கம்பளத்துக்கு அடியிலும் டிக்கியின் உட்புறத்திலும் அசல் நிறம் எட்டிப்பார்க்கும். நிறம் மாற்றியது குற்றமல்ல, அதைச் சொல்லாமல் விட்டால்தான் குற்றம்.

எஞ்சின் அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த செவ்ரோலே எஞ்சினில், வலப்பக்க சிலிண்டர் தலைக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு சிறிய சமதளம் இருக்கும். அங்கே எழுத்துகளும் எண்களும் குத்தியிருப்பார்கள். அதையும் வாகனப் பதிவேட்டையும் ஒப்பிடுங்கள். பிளாக்கின் பின்புறம், கியர் பாக்ஸ் சேரும் விளிம்பருகே, வார்ப்பு எண் தனியாக இருக்கும்.

மாறியிருந்தால் பதற வேண்டாம். இதே குடும்பத்து எஞ்சின்கள் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் தயாரானவை. பழுதானால் இன்னொன்றைத் தூக்கி வைப்பது அங்கே சாதாரணம், இங்கிலாந்திலும் சிலர் அதையே செய்தார்கள். விலையில் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம், அவ்வளவுதான். சட்டம் நன்றாக இருந்து எஞ்சின் மாறிய காரை, அசல் எஞ்சினும் அழுகிய சட்டமும் உள்ள காரைவிட நான் எப்போதும் முதலில் எடுப்பேன்.

உதிரிபாகம் கிடைக்குமா?

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் சுலபமாக, மலிவாகவே கிடைக்கும். வாட்டர் பம்ப் முதல் கார்புரேட்டர் பழுதுபார்க்கும் கிட் வரை அமெரிக்கக் கடைகள் இன்றும் அனுப்பிவைக்கின்றன. தலைவலி மற்றவற்றில்தான்: கண்ணாடிகள், குரோம் பட்டைகள், உள்ளலங்காரச் சாமான்கள், சின்னங்கள். நூறே கார்களுக்காகச் செய்தவற்றைக் கடையில் கேட்க முடியாது. காரில் அவை முழுமையாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு விளக்கு வளையம் காணாமல் போயிருந்தால் அதை வார்த்தெடுக்கும் செலவு உங்களை மலைக்கவைக்கும்.

கார்டன்-கீபிள் உரிமையாளர் சங்கம் இங்கே பெரிய துணை. நூறில் 90க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன என்பது சங்கத்தின் கணக்கு. இவ்வளவு சிறிய கூட்டத்தில் எந்தக் கார் யாரிடம் இருந்தது, எது மோதியது, எது இருபது ஆண்டு கொட்டகையில் கிடந்தது என்பது ஊரறிந்த கதையாக இருக்கும். பணம் கட்டும் முன் சங்கத்தில் விசாரிக்காமல் வாங்குவது, ஜாதகம் பார்க்கும் ஊரில் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் தாலி கட்டுவதற்குச் சமம்.

மின்னணு இக்னிஷன், ஐந்து கியர் பாக்ஸ் என்று மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். விலை குறையுமா?

திருப்பி மாற்றக்கூடிய மாற்றம் எதுவும் பிழையில்லை. மின்விசிறி, மின்னணு இக்னிஷன், நல்ல ரேடியேட்டர் ஆகியவை போக்குவரத்து நெரிசலில் காரைக் காப்பாற்றும். வி8 எஞ்சின் நின்ற இடத்தில் சூடேறுவது பழைய கார்களில் தெரிந்த கதை. ஐந்தாவது கியரும் நெடும்பயணத்தில் இதம். கழற்றிய அசல் பாகங்கள் பெட்டியில் காரோடு வருகின்றனவா என்பதுதான் கேள்வி. சட்டத்தை வெட்டிச் செய்த மாற்றம் என்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

விலை எவ்வளவு? ஆஸ்டனைவிட அபூர்வம், ஆனால் ஏன் இவ்வளவு மலிவு?

கண்ணாடியிழை உடல், அமெரிக்க எஞ்சின், ஊர்பேர் தெரியாத நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து விலையைத் தாழ்த்துகின்றன. டி.பி.5 ஆயிரத்துக்குச் சற்று மேல் தயாரானது. கார்டன்-கீபிள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் நல்ல டி.பி.5க்குக் கேட்கும் பணத்தின் ஒரு சிறு பகுதியில் இது கிடைத்துவிடுகிறது. அபூர்வம் தனியாக விலை போவதில்லை. அந்தக் காரைச் சிறுவயதில் சுவரில் படமாக ஒட்டி ஏங்கியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் விலை. டி.பி.5க்கு ஜேம்ஸ் பாண்ட் என்ற உளவாளிப் படம் கிடைத்தது. இதற்கு ஆமை கிடைத்தது.

ஓட்டி அனுபவிக்க வாங்குபவருக்கு இது நல்ல செய்தி. பத்தாண்டில் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போடுபவர் வேறு காரைப் பார்ப்பது நலம். இன்னொன்று: சிதைந்த காரை மலிவாக வாங்கிச் சீரமைத்தால் பெரும்பாலும் நல்ல காரின் விலையைத் தாண்டிவிடும். யாரோ ஒருவர் கைப்பணம் போட்டு நன்றாகச் செய்து முடித்த காரை வாங்குவதே புத்திசாலித்தனம். நட்டம் அவருடையது.

பிரிட்டனில் வைத்து ஓட்டுவதற்கு வரி, சோதனை எல்லாம் எப்படி?

40 வயது கடந்த கார்கள் அங்கே ‘வரலாற்று வாகனம்’ என்ற பிரிவில் பதிவாகலாம். சாலை வரி இல்லை. லண்டனின் மாசுக் கட்டண வளையத்திலிருந்தும் விலக்கு. பெரிய அளவில் மாற்றியமைக்காத காருக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற சாலைத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இருந்தாலும் சோதனைக்குக் காட்டிவிடுங்கள். 220 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய அறுபது வயதுக் காரின் பிரேக்கை வேறொருவர் கண்ணும் பார்ப்பது நல்லது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் நூறில் ஒரு காருக்குச் சந்தை விலை என்ன என்று இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு வாதாட வேண்டிவரும்.

“டெ புரூயின்” என்ற பெயரில் இதே காரைப் பார்த்தேன். அது என்ன?

1968இல் ஜான் டெ புரூயின் என்ற அமெரிக்கர் உரிமையை வாங்கி மீண்டும் தயாரிக்க முயன்றார். நியூயார்க் கண்காட்சியில் இரண்டு கார்களைத் தன் பெயரில் நிறுத்தினார். அதற்குமேல் நகரவில்லை.

ஏலத்தில் வாங்கலாமா, வியாபாரியிடமா?

ஏலத்தில் சுத்தியல் விழும் தொகை உங்கள் செலவு அல்ல. அதன்மேல் வாங்குபவர் கட்டணம், அந்தக் கட்டணத்தின்மேல் 20 சதவீத வாட் வரி. கையைத் தூக்கும் முன் இதைக் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். வியாபாரி விலை கூடச் சொல்வார். ஆனால் தூக்கியில் ஏற்றுவார், சாவியைத் தருவார், பேரம் பேசலாம். இந்தக் காரைப் பொறுத்தவரை அடிப்பாகத்தைப் பார்ப்பதே எல்லாம் என்பதால், நான் வியாபாரியிடமோ நேரடியாக உரிமையாளரிடமோதான் போவேன்.

வாங்கியாகிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1809 என்றால் 2009ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்த டயர். பட்டன் ஆழம் புதிதாகத் தெரிந்தாலும் அதைக் கழற்றி எறியுங்கள். அடுத்து பிரேக் எண்ணெயும் பிரேக் ஹோஸ்களும். பிறகு பெட்ரோல் ஹோஸ்கள்: பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதில் ஊறி வெடிக்கும், சூடான வி8க்கு மேலே சொட்டும். எத்தனாலைத் தாங்கும் புது ஹோஸ் போட்டு, பங்கில் எத்தனால் குறைவான ‘சூப்பர்’ ரகத்தையே ஊற்றுங்கள். இரண்டு டேங்குகளும் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் காலிசெய்து பாருங்கள். நெடுநாள் நின்ற காரில் ஒன்று அடைத்துக்கொண்டிருப்பது அதிசயமல்ல. அது நடுவழியில் தெரியவருவதைவிட வீட்டு வாசலில் தெரியவருவது மேல்.